ஒன்பதாம் தடத்தின் ஆள்கணக்கு

மார்ச் 4

அக்காவுக்கு,

நாம் பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. போனை எடுத்தால் மூன்றாவது நிமிஷம் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம், அதனால்தான் தாளை எடுத்தேன். தாளிலும் கத்தலாம், ஆனால் அது உன்னிடம் வந்துசேர நான்கு நாள் ஆகும், அதற்குள் கொஞ்சம் ஆறிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. உன் அலுவலக மெயில் உன் கம்பெனிக்குச் சொந்தம், என்னுடையது என் கம்பெனிக்குச் சொந்தம். நான் கேட்கப்போகிற விஷயத்தை இரண்டு கம்பெனியும் படிக்க வேண்டாம்.

நான் இப்போது ஓர் அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாலம், சுங்கச்சாலை, துறைமுகம், விமான நிலையம், ஊர் பஸ் என்று அரசு தனியாருக்குக் குத்தகைக்கு விடுகிற வேலைகளில் அடுத்த பத்து வருஷம் லாபம் உண்டா, இல்லையா என்று முதலீடு செய்கிறவர்களுக்குச் சொல்கிற அறிக்கை. அறுபது பக்கம். அதில் பஸ்ஸுக்கு நான்கு பக்கம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதை நிரப்ப எந்தெந்த ஊரில் டெண்டர் நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்தபோது நம் ஊர் டெண்டரும் கைக்கு வந்தது. உன் கம்பெனியின் குத்தகை ஆகஸ்டில் முடிகிறது என்பது உனக்குத் தெரிந்திருக்கும். புதிதாக எடுக்க மூன்று கம்பெனிகள் விண்ணப்பம் வாங்கியிருக்கின்றன. மூன்றும் தனித்தனியாக ஒரே கேள்வியை நகர நிர்வாகத்துக்கு எழுதியிருக்கின்றன: ஒன்பதாம் தடத்தை நீக்கிவிட முடியுமா?

ஒன்பதாம் தடம் என்றால் பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வழியாக மேட்டுக் குடியிருப்புக்கு வருகிற தடம். உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற பஸ். உனக்கே அதை விளக்கிக்கொண்டிருக்கிறேன் பார், அறிக்கை எழுதி எழுதி வந்த பழக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன் நகர நிர்வாகத்துக்காக அந்தத் தடத்தில் ஆள்கணக்கு எடுத்தது நான்தான். என் பொறுப்பில் நடந்த முதல் கணக்கெடுப்பு. ஒரு நாளைக்கு நானூற்று அறுபது பேர் ஏறினார்கள். இப்போது டிக்கெட் மிஷின் கணக்கு நூறு, நூற்றுப் பத்து என்கிறது. மற்ற முந்நூற்றைம்பது பேர் எங்கே போனார்கள்? குடியிருப்பைக் காலி செய்துவிட்டார்களா? எல்லோரும் வண்டி வாங்கிவிட்டார்களா?

நிர்வாகம் நீக்கச் சம்மதித்துவிட்டால் செப்டம்பரிலிருந்து மேட்டுக்குப் பஸ் கிடையாது. அதனால்தான் கேட்கிறேன்.

அம்மா எப்படி இருக்கிறாள்? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். திரும்ப முதலிலிருந்து எழுதினால் இந்தக் கடிதம் போகவே போகாது, அதனால் இப்படியே அனுப்புகிறேன்.

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கவில்லை என்றாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். கெட்ட செய்தியோ என்று நினைத்திருப்பார். பாதி சரிதான்.

குடியிருப்பை யாரும் காலி செய்யவில்லை. எங்கே போவார்கள்? எல்லோரும் அங்கேயேதான் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பெருக்குகிறவர்கள், துணி வெளுக்கிற இடத்தில் வேலை செய்கிறவர்கள், பேக்கரிக்காரர், வயசானவர்கள். வண்டி வாங்கியவர்கள் மூன்று பேர். அதில் ஒன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பஸ்தான் போய்விட்டது. பதினொரு டிரிப் ஓடிய இடத்தில் இப்போது ஆறு. கம்பெனி ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் ஒன்றை வெட்டும். வெட்டிய பிறகு அட்டவணை போடுகிறவள் நான்தானே. டீசல் டாங்குக்குப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து, நான் போட்ட கோட்டை நானே ரப்பரால் அழிக்கிறேன். கம்ப்யூட்டர் போடும் என்று ஒரு சாப்ட்வேர் வாங்கித் தந்தார்கள். அது டிரைவருக்குச் சாப்பிட நேரம் விடவில்லை, ஆகவே மறுபடி பென்சிலுக்கு வந்துவிட்டோம்.

எனக்குப் புரியாததை நீ சொல். உன் கணக்குப்படி நானூற்று அறுபது பேர் ஏறுகிற தடம். ஊரிலேயே அதிகம் பேர் ஏறுகிற தடங்களில் ஒன்று. அப்படியென்றால் அதற்குத்தானே முதல் மரியாதை கிடைக்க வேண்டும்? கணக்கெடுத்த அடுத்த மாதமே முதல் டிரிப்பை வெட்டினார்கள். மேனேஜரிடம் கேட்டால், "எனக்கு மட்டும் என்னம்மா தெரியும், மேலேருந்து வருது" என்பார். அவருக்கு எல்லாமே மேலேயிருந்துதான் வரும்.

அறுபது பக்கத்தில் பத்து வருஷத்தைச் சொல்லிவிடுவாயா? நான் நாளைக் காலை ஐந்து நாற்பது வண்டிக்கு டிரைவர் வருவாரா என்பதையே சொல்ல முடியாமல் இருக்கிறேன்.

அம்மா இருக்கிறாள். வாரம் மூன்று நாள் கீழே போய் வருகிறாள்.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

நீ கேட்டது நல்ல கேள்வி. இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒப்பந்தம் தலைமை அலுவலகத்து அலமாரியில் இருக்கும், டிப்போவுக்கு அது வந்தே இருக்காது.

பழைய ஒப்பந்தத்தில் ஆள் குறைந்த தடத்தை நிறுத்திவிடுவார்கள். நீ வேலைக்குச் சேர்ந்த காலம் அது, உனக்கு நினைவிருக்கும். இப்போதுள்ளதில் அது தலைகீழ். ஒரு நாளைக்கு இருநூறு பேருக்குக் கீழே ஏறினால் அது சேவைத் தடம். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடிய தூரத்துக்கு நிர்வாகம் கம்பெனிக்கு மானியம் கொடுக்கும், டிரிப்பைக் குறைக்கவும் விடாது. இருநூறுக்கு மேல் போனால் அது தன் காலில் நிற்கிற தடம். மானியம் கிடையாது, டிக்கெட்டில் வருவதை வைத்துக் கம்பெனி பிழைத்துக்கொள்ள வேண்டும், கட்டாவிட்டால் டிரிப்பை வெட்டிக்கொள்ளலாம். மிஷின் கணக்கைக் கம்பெனி மானியத்துக்காகக் குறைத்துக் காட்டிவிடும் என்று பயந்து, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வாசலில் ஆள் நிறுத்திக் கையால் எண்ணுகிற கணக்கைத்தான் ஏற்பார்கள். அந்தக் கணக்குத்தான் நான் எடுத்தது.

இப்போது புரிகிறதா? தாளில் ஒன்பதாம் தடத்துக்கு நானூற்று அறுபது பேர், ஆகவே மானியம் இல்லை. வண்டியில் நூறு பேர், ஆகவே வருமானம் இல்லை. இதை எவன் எடுப்பான்?

இந்த ஆறு மாதத்தில் நான் பேசாத கம்பெனிக்காரன் இல்லை. எல்லோரும் ஒரே பாட்டுத்தான். பயணி வருவானா மாட்டானா என்ற கவலையை அரசே சுமந்தால் நாங்கள் பஸ் ஓட்டத் தயார் என்கிறார்கள். விமான நிலையம் என்றால் வரிசையில் நிற்கிறார்கள், ஏனென்றால் அங்கே கடை வாடகை இருக்கிறது. சுங்கச்சாலை என்றால், பக்கத்தில் வேறு சாலை போடமாட்டோம் என்று எழுதிக் கொடு என்கிறார்கள். முதலீடு என்றால் துணிச்சல் என்று படித்தேன். இங்கே வருகிறவர்கள் எல்லாம் நிச்சயத்தை விலைக்கு வாங்கத்தான் வருகிறார்கள். அதை நாகரிகமான வார்த்தையில் அறுபது பக்கத்துக்கு இழுக்க வேண்டும், அதுதான் என் வேலை. அலுத்துவிட்டது அக்கா.

ஒன்றை நேராகக் கேட்கிறேன். அந்த எண் வந்தபோதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. மதியம் இரண்டு மணிக்கு மேட்டுக்கு அத்தனை பேர் எதற்குப் போகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். உன் டிப்போ என்பதால் மேற்கொண்டு யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்த வாரம் நீ ஏதாவது செய்தாயா?

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

செய்தேன்.

உன் கடிதத்தை டிப்போவில் படித்தேன். படித்துவிட்டு ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். அழவில்லை. அழுகிற வயசா எனக்கு?

ஆள் எண்ணப் போகிறார்கள், ஆள் இல்லாத தடத்தைத் தூக்கிவிடுவார்கள் என்று டிப்போ முழுக்கப் பேச்சு. இருபத்திரண்டு வருஷமாக நான் பார்த்தது அதுதான். ஏரிக்கரைத் தடம் அப்படித்தான் போனது, மில் தடம் அப்படித்தான் போனது. எண்ண வருகிறவன் என் தம்பி என்றும் தெரிந்தது. நான் யோசிக்கவே இல்லை. ஷிப்ட் முடிந்தவர்களை எல்லாம் நிற்கச் சொன்னேன். டிரைவர்கள், கண்டக்டர்கள், வண்டி கழுவுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். ஏறி மேலே போ, இறங்கி அடுத்த வண்டியில் ஏறிக் கீழே வா. ஒரு வாரம்.

ரிவர்ஸை உனக்குத் தெரியும், எந்தச் சந்திலும் பஸ்ஸைப் பின்னால் நுழைத்துவிடுகிற டிரைவர். அவன் ஒரே நாளில் பதினான்கு தடவை ஏறினான். தொப்பியோடு ஒரு தரம், தொப்பி இல்லாமல் ஒரு தரம், மனைவியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தரம். "அக்கா, எதுக்கு இந்த வேஷம்லாம்? எண்றவங்க மூஞ்சியவே பாக்கல, காலத்தான் பாக்குறாங்க" என்று அவன்தான் வந்து சொன்னான். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, டீசல் போடுகிறவர் உட்கார்ந்தே விட்டார்.

கடைசி நாள் நீ வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். "அக்கா, உன் ஒன்பதாம் தடம்தான் ஊருக்கே ராஜா" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தம்பியின் முதல் வேலையையும் காப்பாற்றினேன், எங்கள் பஸ்ஸையும் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டு உனக்குப் பரிமாறினேன். அந்த வாரம் நான் சும்மா இருந்திருந்தால் போதும். வாயையும் கையையும் கட்டிக்கொண்டு ஒரு வாரம் சும்மா இருந்திருந்தால் பதினொரு டிரிப்பும் இன்றைக்கு ஓடியிருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், உட்கார்ந்து படி. அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. போன வருஷம் ஏப்ரலிலிருந்து டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. ஐந்து நாற்பது வண்டியில் போனால் ஆறேகாலுக்குப் படுக்கை கிடைக்கும். நான்கு மணி நேரம் கழித்து, நிற்கவே தெம்பில்லாமல் பதினொன்றரை வண்டிக்கு வருவாள். ஆட்டோக்காரர்கள் விடியற்காலையில் மேட்டுக்கு வரமாட்டார்கள், வந்தாலும் வாரம் மூன்று தரம் நம்மால் ஆகாது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. "அம்மாவை இங்கே அனுப்பு" என்று போனில் அதட்டினாய், பார்சலா அனுப்புவதற்கு என்று நான் கேட்டேன், நீ போனை வைத்தாய். அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ரோஷம் நம் இரண்டு பேருக்கும் அப்பா விட்டுப்போன சொத்து.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு தரம் தொடங்கினேன். ஒரு வருஷமாக அம்மா வாரம் மூன்று நாள் ஊசி குத்திக்கொண்டு படுத்திருக்கிறாள், நான் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்து ஊர் உலகத்தின் வருங்காலத்தைக் கணித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. உன் மேல் கோபம் வருகிறது, அடுத்த நிமிஷம் எந்த முகத்தோடு கோபப்படுகிறாய் என்று நானே கேட்டுக்கொள்கிறேன்.

வேலை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றி என்றால்தான் பேனா ஓடுகிறது. டெண்டர் மே முப்பத்தொன்றில் முடிகிறது. அதற்குள் பழைய கணக்கு தவறு என்று யாராவது காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் மறுகணக்கெடுப்புக்கு வழி இருக்கிறது. கணக்கெடுத்தவர் எழுத வேண்டும், அல்லது டிப்போ தரப்பில் யாராவது எழுத வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், கணக்கெடுப்புக்கு முன் நான் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆள் எண்ணப்போகிற பஸ் கம்பெனியில் எனக்கு உறவினர் யாரும் இல்லை என்று. எல்லோரும் படிக்காமல் போடுகிற கையெழுத்து. நான் படித்துவிட்டுத்தான் போட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த வேலை கைக்கு வராமல் போய்விடும் என்று பயம்.

அதனால் நீ எதுவும் எழுதாதே. உன் வேலை போனால் அம்மாவுக்கு மருந்து வாங்குவது யார்? நான் பார்த்துக்கொள்கிறேன். கூட்டல் தவறு, இரண்டு தடத்தின் தாள்கள் கலந்துவிட்டன என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். ஏப்ரல் முப்பதில் என் அறிக்கை வெளியாகிறது. அது வந்த கையோடு எழுதுகிறேன். அதற்கு முன் எழுதினால் அறிக்கைக்கே கெட்ட பெயர் வந்துவிடும். இருபத்தைந்து நாள்தான், பொறுத்துக்கொள்.

இன்னொரு யோசனை. அம்மாவை இங்கே அழைத்துவந்துவிட்டால் என்ன? ஆஸ்பத்திரி எதிரிலேயே இருக்கிறது. மறுபடி இதைச் சொல்கிறேனே என்று திட்டாதே.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டும்.

அம்மாவை நீ அழைத்துப் போகலாம். ஐந்து நாற்பது வண்டியில் முப்பத்தெட்டுப் பேர் ஏறுகிறார்கள். டயாலிசிஸுக்கு அம்மாவோடு இன்னும் இரண்டு பேர். ஆறு மணி ஷிப்டுக்குப் பெருக்கப் போகிற பெண்கள் பத்தொன்பது பேர். ஒரு நாள் தாமதமானால் அரை நாள் சம்பளம் போகிற வேலை அவர்களுக்கு. அவர்களையும் உன் ஒன்பதாவது மாடிக்கு அழைத்துக்கொள்வாயா?

நீ ஏப்ரல் முப்பது என்று எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் அறிக்கை வரட்டும், பிறகு பார்க்கலாம். அப்புறம் ஏதாவது ஒரு கூட்டம் வரும், உன் மேலாளருக்கு உடம்பு சரியில்லாமல் போகும், மே முடிந்துவிடும். உன்னைக் குறை சொல்லவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம், மூன்று வருஷமாக டிரிப் ஒவ்வொன்றாக வெட்டும்போது ஏன் என்று கேட்காமல் ரப்பரை எடுத்தவள்தானே.

அதனால் நான் எழுதிவிட்டேன். இரண்டு பக்கம். யார் யார் ஏறினார்கள் என்று பெயர் கொடுக்கவில்லை, ஏறச் சொன்னது நான் என்று மட்டும் எழுதினேன். மேனேஜரிடம் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏம்மா, இதை நான் பாக்கவே இல்லைன்னு வச்சுக்கறேன். நீயும் கிழிச்சுப் போட்டுட்டுப் போய் வேலையப் பாரு. ரிட்டயர் ஆக இன்னும் எட்டு வருஷம் இருக்குல்ல உனக்கு?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன?"

"ஒன்பதாம் தடத்துக்கு அஞ்சு மாசம்கூட இல்லையே சார்."

தாளை என் பக்கமே தள்ளிவிட்டார். நல்ல மனிதர்தான், பயந்த மனிதர். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு நகர நிர்வாகத்துக்கே போனேன். மூன்று மேஜைக்கு அலையவிட்டார்கள். நான்காவது மேஜையில் ஒருவர் வாங்கிக்கொண்டு, பிரதியில் முத்திரை போட்டுக் கொடுத்தார். அந்தப் பிரதி என் பையில் இருக்கிறது.

உன்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேன். கணக்கெடுத்தவர் என் தம்பி, ஆனால் இது அவருக்குத் தெரியாது என்று. உறவை மறைக்க முடியாது, என்றைக்கிருந்தாலும் வெளியே வரும். தெரியாது என்பது உண்மையா என்று உனக்குத்தான் தெரியும். மதியம் இரண்டு மணிக் கூட்டத்தைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்தாய் என்று நீயே எழுதினாய். அந்த ஒரு நிமிஷத்தை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. நேற்று மட்டும் "ஏண்டி, வேலைக்குப் போறவ மாதிரியே இல்லையே நீ?" என்றாள்.

அக்கா


ஏப்ரல் 26

அக்காவுக்கு,

நகர நிர்வாகம் உன் கடிதத்தை என் கம்பெனிக்கு அனுப்பிவிட்டது, என்னைக் கூப்பிட்டார்கள். நீள மேஜை, அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நானும் ஒரு தண்ணீர் பாட்டிலும். உன் கடிதத்தின் நகலை என் முன்னால் வைத்தார்கள். உன் கையெழுத்து. சின்ன வயசில் என் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதிக் கொடுப்பாயே, அதே கையெழுத்து.

நடுவில் இருந்தவர் கெட்டவர் இல்லை. எனக்கு வழி விட்டுத்தான் கேட்டார்.

"உங்க அக்காவே எழுதியிருக்காங்க, உங்களுக்குத் தெரியாதுன்னு. சரிதானே?"

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்து வந்திருக்கலாம். நான் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அவங்க என்ன செஞ்சாங்கன்னு தெரியாது சார். எண் தப்புன்னு தோணுச்சு. போய்ப் பாக்கல."

"ஏன் பாக்கல?"

"பாத்தா தெரிஞ்சுடுமேன்னு."

படிவத்தையும் நானே சொன்னேன். அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். பஸ்ஸைப் பற்றிய நான்கு பக்கத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். முதலீடு செய்கிறவர்கள் அதைத் தேடப்போவதில்லை. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, பழைய கோப்புகளைச் சரிபார்க்கிற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. அனுப்புவதற்கு முன்னால் உட்கார வைக்கிற அறை அது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன் அக்கா, அன்றைக்கு வீட்டுக்கு வந்து பத்து மணி நேரம் தூங்கினேன்.

மறுகணக்கெடுப்புக்கு உத்தரவாகிவிட்டது. மே நான்கிலிருந்து ஒரு வாரம், ஒன்பதாம் தடத்தில் மட்டும். வேறு கம்பெனியின் ஆட்கள் வருவார்கள். டிப்போ ஆட்கள் ஒருவர்கூட அந்தப் பக்கம் வரக் கூடாது, ரிவர்ஸிடம் முக்கியமாகச் சொல். உன்னையும் சஸ்பெண்ட் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நீ எழுதமாட்டாய் என்பதால் நானே எழுதிவிட்டேன்.

மே இருபத்தொன்று வியாழக்கிழமை ராத்திரி ரயிலில் ஊருக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை நான்கரைக்கு வந்து சேரும். வேண்டாம் என்று எழுதாதே, டிக்கெட் எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு ஊசி எந்தக் கையில் போடுகிறார்கள்? அந்தக் கையைப் பிடித்து அழைத்துப்போகக் கூடாது என்று படித்தேன்.

தம்பி


மே 14

தம்பிக்கு,

இடது கை.

சஸ்பெண்ட் ஏப்ரல் பதினாறிலேயே வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை வேலையை விட்டே எடுத்த கடிதமும் வந்தது. மேனேஜரே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. துணி வெளுக்கிற இடத்தில் ஷிப்ட் எழுதுகிறதற்கு ஆள் கேட்டிருக்கிறார்கள், போய்ப் பார்க்க வேண்டும். டிப்போக்காரர்கள் என்னைப் பார்த்தால் பேசுகிறார்கள், ஆனால் நின்று பேசுவதில்லை.

கணக்கெடுப்பில் நடந்ததை எழுதுகிறேன். திங்கள் சாதாரணமாகப் போனது. செவ்வாய்க்கிழமை காலை ஐந்தேகாலுக்குக் கதவைத் திறந்து பார்த்தால் நிறுத்தத்தில் குடியிருப்பே நிற்கிறது. இருநூறு பேருக்குக் குறையாது. குளித்துத் தலைவாரி, இஸ்திரி போட்ட துணி உடுத்தி, குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. யாரோ விஷயத்தைப் பரப்பிவிட்டிருக்கிறார்கள்: எண்ணுகிறார்கள், ஆள் இல்லாவிட்டால் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். நாம் எல்லோரும் ஏறிக் காப்பாற்ற வேண்டும்.

நான் செய்த அதே முட்டாள்தனம், சொல்லிவைத்த மாதிரி, ஊரே சேர்ந்து.

ஓடினேன். "ஏறாதீங்க, வீட்டுக்குப் போங்க" என்று கத்தினேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கம்பெனி ஆள், பஸ்ஸை நிறுத்தப் பார்க்கிறாள் என்றே சிலர் நினைத்தார்கள். பேக்கரிக்காரர், "ஏம்மா, நாங்க ஏறினாத்தானே பஸ்ஸு நிக்கும்? இதுல உனக்கென்ன நஷ்டம்?" என்று கேட்டார். எல்லோரும் கேட்கும்படி சொன்னேன், எண்ணிக்கை இருநூறைத் தாண்டினால் பஸ் போய்விடும் என்று. நம்பவில்லை. ஆள் அதிகமானால் பஸ் போய்விடுமாம். பைத்தியம் என்று சொல்லாததுதான் பாக்கி. நான்கூட நம்பியிருக்கமாட்டேன்.

பஸ் வந்து நின்றது. எண்ணுகிற பெண் படியருகே, ஆளுக்கு ஒரு தரம் அழுத்துகிற கிளிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் எதிரில் ஆட்களை விரட்டினால் அதுவும் ஒரு கள்ளக்கணக்கு. மறுபடி அதைச் செய்யமாட்டேன். அதனால் வரிசைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவரிடமும் ஒன்றைத்தான் கேட்டேன்: "இன்னைக்கு உங்களுக்குக் கீழே வேலை இருக்கா?" இருக்கிறது என்றவர்களை ஏறச் சொன்னேன். இல்லாதவர்களிடம், "அப்ப இது உங்க கணக்கு இல்லீங்க, வேலை இருக்கிற அன்னைக்கு ஏறுங்க" என்றேன். எண்ணுகிற பெண் கேட்டுக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. பெருக்கப் போகிற பெண்கள்தான் முதலில் புரிந்துகொண்டார்கள். ஷிப்டுக்கு நேரமாகிறது, வேலை இல்லாதவர்கள் தள்ளுங்கள் என்று அவர்களே வரிசையைப் பிரித்துவிட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

வரிசையின் கடைசியில் அம்மா நின்றாள். செவ்வாய்க்கிழமை. நீ வாங்கிக் கொடுத்த பச்சைப் புடவை, கையில் ஆஸ்பத்திரிப் பை. வீட்டிலிருந்து நிறுத்தம் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டே தனியாக வந்திருக்கிறாள்.

"அம்மா, உனக்கு இன்னைக்கு இல்லையே."

"தெரியும்டி. நானும் ஒரு ஆள்தானே?"

அத்தனை பேருக்கும் பதில் சொன்னவள் அம்மாவை மட்டும் வலது கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன், தம்பி.

மறுநாள் புதன். ஐந்து நாற்பதுக்கு அம்மா ஏறினாள். ஏறிய கையோடு உட்காரப் போகவில்லை. படியிலேயே திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்து, "என்னை எண்ணிட்டியாம்மா?" என்று கேட்டாள். "எண்ணிட்டேன்மா" என்றாள் அவள். அதற்கப்புறம்தான் போய் உட்கார்ந்தாள்.

ஒரு நாளைக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று வந்திருக்கிறது. சேவைத் தடம். இரண்டு கம்பெனிகள் இப்போது ஒன்பதாம் தடத்தையும் சேர்த்தே கேட்கின்றனவாம், முத்திரை போட்டுக் கொடுத்தாரே அவர்தான் சொன்னார். செப்டம்பரிலிருந்து பதினொரு டிரிப் வர வேண்டும். அதற்கு அட்டவணையை வேறு யாரோ போடுவார்கள்.

வீட்டுச் சாவி ஜன்னலுக்கு உள்பக்கம் இருக்கும். வெள்ளிக்கிழமை ஐந்து நாற்பது வண்டியில் அம்மாவோடு நீ ஏறு. கணக்கெடுப்பு முடிந்துவிட்டது, நீ ஒருத்தன் கூடுதலாக ஏறுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. என்னை எழுப்பாதே. ஒரு வருஷமாகிறது, ஒரு வெள்ளிக்கிழமையாவது நான் தூங்க வேண்டும்.

அக்கா